நான் வாங்கி வராத கையெழுத்து

நேற்று சாயங்காலம் போனில் நான் உன்னிடம் சொன்னது பொய், கண்ணு. உன் வகுப்புக் கார்த்திகாவின் அம்மா வீட்டில் இல்லை, கதவு பூட்டியிருந்தது, அதனால் கையெழுத்து வாங்க முடியவில்லை என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் இருந்தாள், கார்த்திகாவும் இருந்தாள். காபி போட்டுக் கொடுத்தார்கள், குடித்தேன். ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, நீ கொடுத்தனுப்பிய சம்மதப் படிவத்தை வெறுமையாகவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள், பெற்ற மகளிடம் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

உண்மையைக் குரல் பதிவாக அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீதான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாய். மூன்று தடவை பேசிப் பார்த்து மூன்றையும் அழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வகுப்பெடுக்கிற குரல் வந்துவிட்டது. தப்புச் செய்தவள் பேசுகிற குரல் எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீ பிள்ளைகளை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படிக்கட்டும் என்றுகூட நினைக்கிறேன்.

உன் திட்டத்தை நீ விவரித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை. எட்டாம் வகுப்புக்கு இழைகள் பாடம். புதன்கிழமை ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோ, வியாழக்கிழமை ஆளுக்கு ஒரு பிடி பஞ்சைக் கையில் கொடுத்துத் திரிக்கச் சொல்வது, வெள்ளிக்கிழமை மில், அதற்கடுத்த வாரம் ஒரு குழு படம் வரைய, ஒரு குழு நாடகம் போட, ஒரு குழு போனில் பேட்டி எடுத்து வெட்டி ஒட்ட. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் சேத்தூர்ப் பக்கத்து ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வழியிலும் ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறாய். மில்லுக்காரர்களே பஸ் அனுப்புகிறார்கள், வீடியோவும் அவர்களே கொடுத்தார்கள் என்றாய். முப்பத்தாறு பெற்றோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, ஒரே ஒரு அம்மாதான் பிடிவாதமாக மாட்டேன் என்கிறாள் என்றாய்.

"நீங்க பேசினா கேப்பாங்கம்மா. பெத்தவங்ககிட்ட பேசுறதுல உங்கள மிஞ்ச ஆள் இல்ல" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் நீங்க செஞ்சதுதாம்மா. எட்டு வயசுல என்னை மில்லுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னிக்குத்தான் டீச்சராகணும்னு முடிவு பண்ணேன்" என்றும் சொன்னாய். இதை நீ பலரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரியாததை இப்போது சொல்ல வேண்டும். உன் சந்தோஷமான நாளைக் கெடுப்பதற்கு என்னை மன்னித்துவிடு.

அப்போது நான் வன்னியம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மதுரையில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். வாசித்தது மறந்துபோகும், பார்த்ததும் கேட்டதும் கொஞ்சம் தங்கும், நேரில் போய் அனுபவித்தது மறக்கவே மறக்காது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. சார்ட், மாதிரி, பொம்மை, டேப் ரெக்கார்டர் என்று எதையாவது தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். புத்தகத்தை வாசித்துவிட்டு மணியடித்ததும் போகிற ஆசிரியர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். நேரில் பார்த்தது மறக்காது என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. எது மறக்காது என்பது ஆசிரியர் கையில் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அனுமதி கேட்டேன். உடனே கொடுத்தார்கள். பஸ் அனுப்புகிறோம், மத்தியானச் சாப்பாடு எங்களுடையது என்றார்கள். உங்கப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏட்டி, மில்லுக்காரன் எதுக்குச் சும்மா பஸ் விடுதான்?" நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நல்லதைச் செய்கிறவர்களைச் சந்தேகப்படுவது உங்களுக்கு வியாதி என்று சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

முதலில் நான் மட்டும் போய்ச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். நூல் நூற்கிற மெஷின் ஓடுகிற கூடத்தில், வயர்கூடைக்குள் டேப் ரெக்கார்டரை வைத்து கேசட்டில் எடுத்தேன். உள்ளே நின்ற கால் மணி நேரத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. மறுநாள் வகுப்பில் அதைப் போட்டேன். பக்கத்து வகுப்பில் தமிழய்யா பாடம் நடத்துகிறார் என்று சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவைத்தேன். பிள்ளைகள் அதற்குத் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். சிரிப்பும் கும்மாளமுமாக அந்த வகுப்பு நடந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்க வைத்துவிட்டேன் என்று பாடக்குறிப்பில் பெருமையாக எழுதினேன். குறைத்துவைத்துக் கேட்கலாம் என்று நான் அவர்களுக்குக் காட்டிய அந்தச் சத்தத்தை, அங்கே வேலை பார்க்கிற யாரும் எட்டு மணி நேரத்துக்குக் குறைத்துவைக்க முடியாது. இது என் புத்திக்கு எட்ட எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அப்புறம் சம்மதம் வாங்க வீடு வீடாகப் போனேன். ஆண்பிள்ளைகள் வீட்டில் சிக்கல் இல்லை. பெண்பிள்ளைகள் வீட்டில்தான் தயங்கினார்கள். செல்வராணி என்று ஒருத்தி, என் வகுப்பில் கெட்டிக்காரி, கணக்கையும் அறிவியலையும் கரைத்துக் குடித்தவள். அவள் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். "வயசுக்கு வந்த புள்ளைய வெளியூருக்கு அனுப்ப மாட்டோம் டீச்சரம்மா, குத்தமா நெனைக்காதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் விடுவேனா? "நான் பொறுப்பு அண்ணாச்சி. ரொம்ப நல்ல இடம். பொம்பளப் பிள்ளைகளுக்குப் பயமே இல்லாத இடம். என் மகளையே கூட்டிட்டுத்தான் போறேன், பாருங்க" என்றேன்.

கண்ணு, உன்னை அந்த மில்லுக்கு நான் கூட்டிக்கொண்டு போனது நீ எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இல்லை. உன்னைக் காட்டித்தான் அந்த வீடுகளில் எல்லாம் சம்மதம் வாங்கினேன். டீச்சரே தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? அன்றைக்கு மூன்றாம் வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு நீ என் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய். உன் நினைவில் அது அம்மா உனக்குக் கொடுத்த பரிசு. அதை இத்தனை வருஷம் நான் மறுக்காமல் வைத்துக்கொண்டேன்.

மில்லில் எல்லாம் அழகாகக் காட்டினார்கள். பஞ்சைப் பிரிக்கிற அறையைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினார்கள். நூற்கிற கூடத்தில் ஒரு ஓரமாக அஞ்சு நிமிஷம் நடத்திக் கூட்டிப் போனார்கள். அதிக நேரம் காட்டியது விடுதியைத்தான். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, வரிசையாகக் கட்டில், தலைக்கு மேலே ஃபேன், கூடத்தில் டிவி. நீ ஒரு கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாய், எல்லாரும் சிரித்தோம். செல்வராணி மட்டும் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நில் என்று அவளை அதட்டினேன்.

மறுநாள் பஞ்சு நூலாவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். மற்றவர்கள் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதையே திருப்பி எழுதியிருந்தார்கள். செல்வராணி பஞ்சைப் பற்றி மூன்று வரிதான் எழுதியிருந்தாள். மிச்சம் பூராவும் விடுதி. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு கட்டில் உண்டு, தங்கச்சிகளோடு நெருக்கிப் படுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். குளிக்கிற அறைக்குக் கதவு உண்டு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, தாழ்ப்பாள் சுலபமாகப் போட வருகிறது, நான் போட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாள்.

நான் சிவப்பு மையில் கேட்ட கேள்விக்கு விடை எழுதவும் என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டேன். அதோடு விட்டேனா? வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினேன். "மில்லப் பாத்துட்டு வான்னு கூட்டிட்டுப் போனா, இவ தாழ்ப்பாளப் பாத்துட்டு வந்திருக்கா" என்றேன். வகுப்பே சிரித்தது. செல்வராணியும் சேர்ந்து சிரித்தாள். பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி, விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடை மறைவுக்குப் போய் வருகிறவள், தனக்கு என்ன வேண்டும் என்று என் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் வகுப்பில் அன்றைக்கு உண்மையாக எதையாவது கற்றுக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் இரண்டு மார்க் போட்டேன்.

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "மில்லுக்குத்தான் டீச்சரம்மா. ஏஜென்ட் வந்து கேட்டாவ. வேற எடம்னா யோசிச்சிருப்போம். நீங்க சொன்ன எடந்தான, ஒங்க மவ போயிட்டு வந்த எடந்தான. அதான் ஒரே பேச்சுல சரின்னுட்டோம்" என்றார். பத்தாவது வரைக்குமாவது படிக்க வையுங்கள் என்று சொன்னேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு நேரம் சொன்னேன்? புதுச் சேர்க்கைக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு, வகுப்பு ஆசிரியை என்ற முறையில் அவள் நன்னடத்தைக்கு நேரே நன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வயதைக் கூட்டிச் சொல்லித்தான் அவளைச் சேர்த்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த வருஷம் என் வகுப்பிலிருந்து நின்றுபோன இன்னும் இரண்டு பெண்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

நீ இங்கே குறுக்கிட்டு, மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போகாத வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்குப் போனார்களே அம்மா என்று கேட்பாய். போனார்கள்தான். வறுமையை நான் உண்டாக்கவில்லை. இந்தச் சமாதானத்தைச் சொல்லிச் சொல்லித்தான் பல வருஷம் தூங்கினேன். ஆனால் அந்த வீட்டில் இருந்த தயக்கத்தை உடைத்தது நான். ஒரு கரும்பு வெட்டுகிற மனுஷன் தன் பெண்ணைப் பற்றிச் சரியாகவே பயந்தார். படித்த நான் போய் அந்தப் பயத்தை எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பக்க எழுத்து வேலைக்காக அதைச் செய்தேன்.

இதைவிட வெட்கமான ஒன்று உண்டு. அந்தப் பயணத்தில் எடுத்த போட்டோ ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும், நீ பார்த்திருப்பாய். நடுவில் நூல் சுற்றிய கோனைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற பெண்தான் செல்வராணி. அந்தப் படத்தைச் சார்ட்டில் ஒட்டி, நேரடி அனுபவம் என்று தலைப்பு எழுதி, மாவட்டம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் காட்டினேன். அவள் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்த அதே வருஷங்களில் காட்டினேன். கைதட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருநாள், "டீச்சர்!" என்று ஒரு சத்தம். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராணி. மெலிந்திருந்தாள், இருமினாள், நான் பேசுவதை என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "காது கொஞ்சம் மந்தமாப் போச்சு டீச்சர். மெஷின் சத்தம், வேற ஒண்ணுமில்ல" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்தாள். தங்கச்சி இரண்டு பேரும் படிக்கிறார்கள், அவள் சம்பளத்தில்தான் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க காட்டுன எடந்தான் டீச்சர். எங்க வீட்டுல இன்னும் ஒங்க பேச்சுத்தான்" என்றாள். குத்திக் காட்டவில்லை. நன்றி சொன்னாள். என் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கிளம்பப் போகிறது என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

இனி நேற்றைக்கு வருகிறேன். நீ சொன்ன அடையாளத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்து, பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் தயார் செய்துகொண்டு போனேன். பயப்படாதீர்கள், நல்ல இடம், என் மகள்தான் டீச்சர், நான் பொறுப்பு. இத்தனை பட்ட பிறகும் அதே வார்த்தைகள், அதே வரிசையில் வந்தன. வாசலில் நின்று கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி உரக்கக் கூப்பிட்டேன். கார்த்திகா வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அம்மாவின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தது செல்வராணி.

என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். தலைமுடியெல்லாம் வெளுத்துப்போயிற்றே என்று வருத்தப்பட்டாள். சேலையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நீ வகுப்பில் சொல்லியிருந்தாய் போல, கார்த்திகா சொல்லித்தான் நீ என் மகள் என்று அவளுக்குத் தெரிந்தது. "அய்யோ, அந்தக் கட்டில விட்டு எறங்காத பாப்பாவா இவியளுக்கு டீச்சரு!" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்தினாள். "அங்கன போனா அவளுக்குப் புடிச்சிரும் டீச்சர். எனக்குப் புடிச்ச மாதிரி. நல்லாத்தான் காட்டுவாவ, கொறையே சொல்ல முடியாது. நான் அஞ்சு வருசம் இருந்தேன். ஆளுக வந்து பாத்துட்டுப் போற பக்கம் வேற, நாங்க இருந்த பக்கம் வேற. அந்தக் கட்டில்ல நான் படுத்ததே இல்ல" என்றாள். கார்த்திகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கிளாஸ்ல நான் மட்டுந்தான் போவல. டீச்சரு எனக்கு ஜன்னல் சீட்டு தாரேன்னு சொல்லிருக்காவ. நீ வேலைக்குப் போனேன்னா நானும் போயிருவேனா? எனக்குப் பாக்கணும், அம்புட்டுத்தான்" என்று அம்மாவின் காதருகே கத்தினாள். அந்தப் பிள்ளை கேட்பதும் நியாயம்தான். பார்க்க ஆசைப்படுகிற பிள்ளையை வீட்டில் அடைத்து வைத்தால் சரியாகிவிடுமா என்ன?

செல்வராணி என் கையிலிருந்த படிவத்தை வாங்கினாள். கார்த்திகாவின் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தாள். "டீச்சரே இம்புட்டுத் தூரம் வந்துட்டாவ. நீங்க சொன்னாப் போடுதேன் டீச்சர்" என்றாள்.

உனக்குப் புரிகிறதா? இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. காது போயிற்று, படிப்புப் போயிற்று. அந்த நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. நான் சரி என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், உன் வெள்ளிக்கிழமை நிறைவேறிவிடும். எனக்கு உன் மேல் உள்ள ஆசையில் தலை அசையப் பார்த்தது என்பதையும் மறைக்கவில்லை.

"என்னை நம்பிப் போடாத செல்வராணி" என்றேன். குரல் எழும்பவில்லை. "என்ன டீச்சர்?" என்றாள். "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல டீச்சர், சத்தமாச் சொல்லுங்க" என்றாள். மன்னிப்பு என்றால் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்துவிட்டுப் போய்விடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவளிடம் அது நடக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கு உங்க அப்பாகிட்ட சொன்னது தப்பு! எனக்கு அந்த மில்லப் பத்தி ஒண்ணும் தெரியாது! தெரியாமலே நல்ல இடம்னு சொன்னேன்! நீ எழுதுனத வச்சு உன்னக் கேலி பண்ணேன்!" என்று கத்தினேன். எதிரே குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திகா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டை இதற்கும் பயன்பட்டது.

செல்வராணிக்குக் கண் கலங்கியது. மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ அவள் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாழ்ப்பா எழுதுனதையா சொல்லுதிய? அது ஒங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. பிறகு பேனாவை மூடாமலே, "சரி டீச்சர். இப்பம் இவள அனுப்பவா, வேண்டாமா? அதச் சொல்லுங்க" என்றாள். அழுதுவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கேள்வி அப்படியே இருந்தது. தெரியாது என்று சொன்னேன். ஒரு பெற்றோர் முன்னால் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலு சுவருக்குள்ளேயே பாடம் நடத்து என்று உனக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பார்க்கட்டும், கேட்கட்டும், தொடட்டும். ஆனால் மில்லுக்காரர்கள் கொடுத்த வீடியோவைப் போடுவதற்கு முன்னால், கேமரா எந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்புகிறது என்று ஒரு தடவை பார். நான் கால் மணி நேரம் நின்றது போல நீயும் அந்த மெஷின் கூடத்தில் நில், அந்தச் சத்தத்தைக் குறைத்துச் சொல்லாதே. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு தடவை படி. கையெழுத்துப் போட்ட முப்பத்தாறு பேரில் எத்தனை பேர் உன் முகத்துக்காகப் போட்டார்கள் என்று யோசி. உனக்குத் தெரியாத இடத்துக்கு நீ ஜாமீன் நிற்காதே.

செல்வராணியிடம், என் மகளை அனுப்புகிறேன், அவளிடம் நீ அங்கே இருந்த அஞ்சு வருஷத்தையும் சொல், சொன்ன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்தித்தான் சொன்னேன். சரி என்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எதிர்பார்ப்பாள். படிவத்தைக் கொண்டுபோகாதே. போய் அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொள், அந்தக் காதில்தான் கொஞ்சம் கேட்கும்.